கராஜ் கூரையின் முதல் வரிசை: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு திருத்திய பிழை

கனடாவின் டொராண்டோவிலுள்ள ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுப் பின்புறம் தனியாக நிற்கும் கராஜுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நானே ஷிங்கிள் (வரிசை வரிசையாக ஆணியடிக்கும் அஸ்ஃபால்ட் கூரைத்தகடு) வேய்ந்தேன். அன்றிலிருந்து ஒரு சொட்டும் ஒழுகாததால் வேலை சரியாகவே முடிந்தது என்று நம்பியிருந்தேன். சென்ற மார்ச்சில் அடித்த மேல்காற்றில் இறவானத்தை ஒட்டிய முதல் வரிசை மட்டும் படபடத்து எழுந்து, இரண்டு ஷிங்கிள்களின் நாக்குகள் (கீழ்ப்பகுதியில் வெட்டுகளால் பிரிந்திருக்கும் துண்டுகள்) முறிந்து விழுந்தன. அதற்கு மேலிருந்த வரிசைகளில் ஒன்றும் அசையவில்லை.

அக்டோபர் சனிக்கிழமை ஒன்றில் தட்டைக் கடப்பாரையால் கீழ் மூன்று வரிசைகளையும் பிரித்தபோது காரணம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. முதல் வரிசைக்கு அடியில் போடும் ஸ்டார்ட்டர் வரிசைக்காக, முழு ஷிங்கிளையே நாக்குகள் மேல்நோக்கியிருக்கும்படி திருப்பி வைத்து அடித்திருந்தேன். மூன்று நாக்கு ஷிங்கிளின் உயரம் 12 அங்குலம். மேலே வரும் ஷிங்கிளின் நாக்கைப் பிடித்துக்கொள்ளும் பசைக்கோடு ஏறக்குறைய அதன் நடுவில்தான் ஓடுகிறது. எனவே எந்தப் பக்கம் திருப்பினாலும் பசை விளிம்பிலிருந்து சுமார் 6 அங்குலம் உள்ளேதான் நிற்கும். மேலே வரும் நாக்கின் நுனியோ ஒட்டுவதற்குப் பசையின்றித் தொங்கும். வெட்டுகளுக்கு அடியில் ஷிங்கிள் மூடியிருந்ததால் தண்ணீர் இறங்கவில்லை, பலகையும் காய்ந்தே இருந்தது. அதனால்தான் இத்தனை காலம் பிழை வெளியே தெரியவில்லை.

இம்முறை மீதமிருந்த கட்டிலிருந்து ஷிங்கிள்களை எடுத்து, பின்புறமாகக் கொக்கிக் கத்தியால் கீறி, 5 அங்குல நாக்குகளை வெட்டி எறிந்தேன். (முன்புறம் வெட்டினால் மணல்துகள் ஐந்து நிமிடத்தில் கத்தியைத் தின்றுவிடும்.) எஞ்சிய 7 அங்குலப் பட்டையை வெட்டிய பக்கம் கீழே வரும்படி வைத்தால், பசைக்கோடு விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் வந்துவிடுகிறது. கூரை விளிம்பில் நீர் சொட்டி விழப் பொருத்தும் ட்ரிப் எட்ஜ் தகரத்துக்கு வெளியே முக்கால் அங்குலத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்பதால், அரை அங்குலம் நீட்டிச் சுண்ணக்கயிறு அடித்துக்கொண்டேன். சென்ற முறை ஒன்றரை அங்குலம் விட்டிருந்த இடங்கள் கோடை வெயிலில் வளைந்து மழைநீர்ப் பீலிக்குள் தொங்கியிருந்தன.

அவசரத்தில் முதல் பட்டையை முழு 36 அங்குல நீளத்தோடு தொடங்கிவிட்டேன். மேலே முதல் வரிசையின் மூன்றாவது ஷிங்கிளை வைத்தபோதுதான், மேலிணைப்பும் கீழிணைப்பும் ஒரே கோட்டில் விழுவதைக் கவனித்தேன்; அந்தச் சந்தில் இறங்கும் நீர் நேராகப் பலகைக்குப் போகும். எல்லாவற்றையும் பிடுங்கி, முதல் பட்டையில் 6 அங்குலம் குறைத்துத் தொடங்கிய பின், கீழிணைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு நாக்கின் நடுவில் மறைந்தன.

ஆணிகளை விளிம்பிலிருந்து 3 அங்குல உயரத்தில், பசைக்கோட்டைத் தொடாமல் அடித்தேன். அவ்வுயரத்தில் மேல்வரிசையின் வெட்டுக்கு நேரே ஆணி விழுந்தால் அதன் தலை வானத்தைப் பார்த்துத் துருப்பிடிக்கும் என்பதால், வெட்டுகள் வரும் இடங்களை முன்கூட்டியே சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டது பயன்பட்டது. காற்று முதலில் மோதும் மேற்குச் சரிவோரத்திலும் இதே பட்டையைப் பசை வெளிப்பக்கம் இருக்கும்படி செங்குத்தாக அடித்தேன்.

பசை தானாக இளகி ஒட்டுவதற்கு நல்ல வெயில் வேண்டும். அன்று வெப்பம் 8 பாகையைத் தாண்டவில்லை. ஆகவே ஒவ்வொரு நாக்கின் அடியிலும் 25 சத நாணய அளவில் இரண்டு பொட்டு அஸ்ஃபால்ட் சிமெந்தை (தார்ப் பசை) வைத்துக் கையால் அழுத்தினேன். அதிகமாக அப்பினால் ஷிங்கிள் கொப்பளிக்குமாம். ஆகவே ஆசைப்பட்டும் மூன்றாவது பொட்டு வைக்கவில்லை. ஷிங்கிளின் பின்புறத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நாடாவை இம்முறை உரிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது கட்டுக்குள் ஷிங்கிள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இருப்பது மட்டுமே. முன்பு ஒரு மாலை முழுவதும் அதை உரித்தே கழித்தேன்.

தெற்குச் சரிவு முடிந்தது. வடக்குச் சரிவில் பழைய தலைகீழ் வரிசை இன்னும் அப்படியே இருக்கிறது. வெட்டி வைத்த பட்டைகள் பதினொன்று கராஜில் தட்டையாக அடுக்கப்பட்டுள்ளன.