முத்தையன்கட்டுக்குப் பற்றரி சுமந்த கதை

முல்லைத்தீவுப் பக்கம் முத்தையன்கட்டில் ஆறு வீட்டுக்குச் சோலர் விளக்குப் பூட்டப் போனோம். எப்படிப் போவது, என்ன செலவு என்று ஒழுங்காக எழுதத்தான் இருந்தேன். அந்த ஓட்டோக்காரனை ஏசாமல் கை ஓடவில்லை.

மாங்குளத்தில் இறங்கி பஸ் மாறி ஒட்டுசுட்டான் வந்தோம். அங்கிருந்து முத்தையன்கட்டுக் குளத்துக்கு அங்காலே பத்துக் கிலோமீற்றர் கூட இராது. 3500 ரூபாய் கேட்டான். "அண்ணை, ரோட்டைப் பாத்திட்டுக் கதையுங்கோ." பார்த்தேன். ரோட்டைக் காணவில்லை, கிடங்குதான். என்றாலும் அநியாயம். அந்தக் காசில் இன்னொரு வீட்டுக்கு பல்பும் வயரும் வாங்கியிருக்கலாம். மடியில் ஆளுக்கொரு பற்றரி, கிடங்குக்குக் கிடங்கு முழங்காலில் இடி.

ஆறு வீட்டுக்கும் ஒரே கணக்கு: 20 வாட் சோலர் பனல், 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி, 3 வாட் எல்.ஈ.டி. பல்பு இரண்டு. பற்றரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாவிட்டால் ஆறேழு மணித்தியாலம் எரியும். மார்கழி மூட்டத்தில் அதுவும் இல்லை.

முதல் வீட்டிலேயே ஒரு பழைய பனல் கிடந்தது. யாரோ வந்து பூட்டி, படமும் எடுத்துக்கொண்டு போனதாம். இரண்டு வருசத்தில் பற்றரி செத்துவிட்டது, மாற்றக் காசில்லை. பனலின் மேல் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. துடைத்து மீற்றரை வைத்தால் 20 வோல்ட்! அதையே திரும்பக் கூரையில் ஏற்றினோம். எங்கள் பற்றரி சாகிற அன்றைக்கு யார் காசு போடுவது என்று நாங்களும் இன்னும் முடிவெடுக்கவில்லை.

தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன் நான். அந்த நினைப்பில் இரண்டு பல்பையும் பிள்ளைகளின் மேசைப் பக்கம் கட்டினேன். வீட்டுக்கார அம்மா ஏணியைப் பிடித்தபடி சொன்னா:

"தம்பி, ஒண்டைப் பின்வளவிலை போடுங்கோ. யானை உள்ளுக்கை வந்து படிக்கிறேல்லை."

பின்வளவில் தென்னம்பிள்ளை மூன்று குருத்தோடு பிடுங்கிக் கிடந்தது. செய்தி பரவி ஆறு வீடும் அதையே கேட்க, உள்ளுக்கு அளந்து கொண்டுபோன வயர் நாலாவது வீட்டோடு முடிந்தது. மிச்சம் இரண்டு வீட்டுக்கும் அடுத்த மாதம் 40 மீற்றர் கொண்டுபோக வேண்டும்.

மத்தியானம் குளத்து விரால் குழம்பு, சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை. புளியும் உறைப்பும் அப்படி ஒரு சேர்த்தி. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கமே இல்லை. காசு நீட்டினதுக்கு ஏச்சுத்தான் கிடைத்தது.

திரும்ப அதே ஓட்டோ. இந்த முறை 2500. "பாரம் இல்லைத்தானே, அண்ணை" என்றான்.