பிரமத்தண்டின் விதை அடுப்படிக்கு வரக்கூடாது

தரிசிலும் ரயில் பாதை ஓரத்திலும் நீலம் பாய்ந்த முள் இலையோடு, மஞ்சள் பூ பூத்து நிற்பது பிரமத்தண்டு. குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். கல்லீரலுக்கு நல்லது என்று பேசப்படும் மில்க் திஸில் இதுதான் என நினைத்துப் பறிப்பவர்கள் உண்டு. இரண்டிலும் முள் உண்டு, இலையில் வெள்ளை நரம்பும் உண்டு. ஆனால் மில்க் திஸிலின் பூ ஊதா. பிரமத்தண்டோ கசகசாச் செடியின் குடும்பம். ஒடித்தால் மஞ்சள் பால் கசியும், அதன் விதை எண்ணெய் கல்லீரலையே கெடுக்கும்.

நாட்டு வைத்தியத்தில் அந்தப் பாலை மருவுக்கு வைப்பார்கள், இலைச்சாற்றைச் சொறி சிரங்குக்குப் பூசுவார்கள். மருவுக்கு வைப்பதென்றால் ஈர்க்குச்சி நுனியால் மருவின் மேல் மட்டும் தொட்டு வையுங்கள்; சுற்றிலும் வழிந்தால் தோல் எரியும். முகத்திலும் திறந்த புண்ணிலும் வேண்டாம். கண் சிவப்புக்கு இந்தப் பாலை விடும் பழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். செடியை எரித்த சாம்பலை இருமலுக்குத் தேனில் குழைத்துக் கொடுப்பதையும் சித்த மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் செய்யாதீர்கள்.

பெரிய ஆபத்து விதையில்தான். வட இந்தியாவில் கடுகு வயல்களில் இது களையாக முளைக்கிறது. விதையும் கடுகைப் போலவே இருக்கும். சேர்த்து ஆட்டினால் சாங்குயினரின் என்ற நஞ்சு எண்ணெயில் இறங்கிவிடும். வழக்கமான சமையல் சூட்டில் அது போகாது. 1998இல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் கால் வீங்குகிறது. முற்றினால் இதயம் திணறும், கண் அழுத்தமும் கூடும்.

தாளிக்கிற கடுகைச் சந்தேகப்பட்டால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கடுகு வழுவழுப்பானது, நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமத்தண்டு விதை சொரசொரப்பானது, உள்ளே வெள்ளை. எண்ணெயை இப்படிக் கண்ணால் பிரிக்க முடியாது. முத்திரையிட்ட புட்டியில் மட்டும் வாங்குங்கள்.

ஒரே எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட வீட்டில் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்து, பிறகு இரண்டு கால்களும் சிவந்து வலியோடு வீங்கினால் தாமதிக்காதீர்கள். முறிமருந்து கிடையாது. அந்த எண்ணெயை உடனே நிறுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிடாமல் புட்டியோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். பரிசோதனைக்கு அது வேண்டும். கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.