புள்ளியில் சேராத வீடு

எங்க நகரத்தார் கோயில்களில் கல்யாணம் ஆன தம்பதிதான் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம்; கோயில் வரியும் அப்படித்தான். காரைக்குடியில் என் சித்தப்பா மகனும் அவன் துணைவனும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றாலும் எந்த ஏட்டிலும் ஏற மாட்டார்கள். (அப்பத்தாவுக்கு மட்டும் அந்தத் தம்பி சாப்பிட்டாச்சா என்பதே கவலை.)

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. 2024-இல் நிதி அமைச்சகம், இப்படிப்பட்ட இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம் என்று விளக்கியது. நல்லதுதான். ஆனால் நாமினி பணத்தைக் கையில் வாங்கலாம், வாரிசாகிவிட முடியாது. உயில் இல்லையென்றால் 1956 இந்து வாரிசுச் சட்டப்படி சொத்து ரத்த உறவுக்கே போகும். பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்காத பங்காளி, தேக்குத் தூணிலும் பாகம் கேட்பான்.

"உயிலைப் பதிஞ்சிருடா" என்றேன்.

"என்ன உறவுன்னு கேப்பாகளே, அண்ணே?"

"நண்பர்னு போடு. ரெண்டு சாட்சி வேணும், ஒண்ணு நான்."