கதவைக் கழற்றிப் போட்டு ஆடியவர்கள்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் மறுபடியும் அந்த ஏழு நிமிடத்தைப் பார்த்தேன். 1994 ஏப்ரல் 30, அயர்லாந்தின் டப்ளினில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. மதிப்பெண் போடும் இடைவேளையை ஒப்பேற்ற வைத்த ஐரிஷ் நடனம்தான் ரிவர்டான்ஸ். ஜீன் பட்லர், மைக்கேல் ஃபிளாட்லி, கடைசியில் ஒரே வரிசையில் ஒரே தாளத்தில் அத்தனை கால்கள். போட்டியில் ஜெயித்த பாட்டை விட இடைவேளைதான் உலகம் சுற்றியது!

எனக்கு அதைவிடப் பிடித்தது 18ஆம் நூற்றாண்டு ஐரிஷ் நடன வாத்தியார்கள் கதை. ஊர் ஊராகப் போய், சில வாரம் தங்கி, ஆடக் கற்றுக்கொடுப்பார்கள். இடது வலது தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு காலில் வைக்கோல், மறு காலில் காய்ந்த புல். "வைக்கோல் காலைத் தூக்கு, புல் காலைத் தூக்கு" என்று சொன்னால் போதும். மண் தரையில் சத்தம் கேட்காதே? வீட்டுக் கதவைக் கழற்றிக் கீழே போட்டு அதன் மேல் ஆடுவார்கள். எட்டு வைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கதவு போதும்.

அப்புறம் 1893இல் ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் மீட்கக் கிளம்பிய கேலிக் லீக் என்ற அமைப்பு வந்தது. அவர்கள் 'கேலி' (céilí) என்று ஐரிஷ் மொழியில் பெயர் வைத்து நடத்திய முதல் நடனக்கூட்டம் 1897இல், அதுவும் லண்டனில்! 1935இல் ஐரிஷ் அரசு பொது நடனத்துக்கு லைசென்ஸ் கேட்டுச் சட்டம் போட்டது. நாற்சந்தி ஆட்டமும் வீட்டு ஆட்டமும் அடிவாங்கின.

ஐரிஷ் ஆட்டத்தில் கால் மட்டும் ஆட, கை ஏன் விறைப்பாக இருக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மேற்கு அயர்லாந்தில் கானமாரா பகுதியின் ஷான்-நோஸ் என்ற பழைய பாணி ஆட்டத்தைப் பாருங்கள், கை அது பாட்டுக்குத் தாராளமாக வீசும்.