முட்டைக்கு வகுப்பு எடுத்தோம், வலைக்கு எடுக்கவில்லை

சென்னையில் 1988-இலேயே கல்லூரி மாணவர்கள் பங்குனி ஆமை முட்டைகளைத் தேடி இரவில் கடற்கரையோரம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை அந்த நடை இன்றும் தொடர்கிறது. அவர்களைப் பார்த்துக் கிளம்பிய ஒரு சிறு குழுவில், கோவளத்துக்குத் தெற்கே, சில பருவங்கள் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். சம்பளம் பெட்ரோலுக்குச் சரியாகப் போகும்.

ராத்திரி முட்டை எடுப்பது, பகலில் பள்ளிகளில் வகுப்பு எடுப்பது. இவ்வளவுதான் வேலை.

ராத்திரி வேலை குப்பத்துப் பையன்கள் இல்லாமல் நடக்காது. ஆமை ஏறி வந்த தடம் டிராக்டர் டயர் ஓடியதுபோல இருக்கும். அதை யாரும் கண்டுபிடிப்பார்கள். முட்டை எங்கே என்பதுதான் கேள்வி. இட்டு முடித்ததும் மணலை மூடி, உடம்பால் தட்டி, சுற்றிலும் கலைத்துவிட்டுத்தான் ஆமை கடலுக்குத் திரும்பும். கலைந்த இடத்தில் கம்பை மெல்லச் செருகிப் பார்த்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் தடையில்லாமல் இறங்கும். வேகமாகக் குத்தினால் முட்டை போச்சு. விலங்கியல் படித்த தொண்டர்கள் கம்பை வைத்துக்கொண்டு தயங்கி நிற்பார்கள். கரைவலை இழுக்கும் வீட்டுப் பையன் ஒருவன் வெறுங்காலால் மிதித்துப் பார்த்தே, "இங்கதாண்ணா, பொதபொதன்னு கீது" என்பான். ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழியில் 100, 120 முட்டைகள் இருக்கும். துணிப்பையில் எடுத்துப்போய், பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்கு, அதே வடிவத்தில் குழி பறித்துச் சீக்கிரமே புதைத்துவிட வேண்டும். நேரமானால் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும்; பிறகு புரட்டினால் செத்துவிடும்.

பகல் வகுப்பு சுலபம். மணல் சூடு கூடினால் குஞ்சு பெண், குறைந்தால் ஆண் என்று சொல்லும் இடத்தில் எட்டாம் வகுப்பு சிரிக்காமல் இருந்ததே இல்லை. தெருவிளக்கு, பிளாஸ்டிக் பை, முட்டைத் திருட்டு எல்லாம் சொல்வோம். லாஞ்சு என்கிற விசைப்படகுகள் கடலடியில் இழுத்துப்போகும் இழுவலைதான் ஆமையை அதிகம் கொல்கிறது; அதைப் பற்றி ஒரு வரியோடு சரி. பிளாஸ்டிக் பைக்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

குப்பத்தில் வகுப்பு வைத்தபோது ஒரு பெரியவர் நேராகவே கேட்டார்: "எங்க வலையில மாட்டினா எடுத்து உட்ருவோம் தம்பி. மணிக்கணக்கா இழுக்கிறானே லாஞ்சுக்காரன், அவனாண்ட போய் இத்தச் சொன்னியா?"

ஆமைக்கு நுரையீரல். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும்; இழுவலைக்குள் மணிக்கணக்கில் சிக்கினால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடந்தவற்றுக்கு நடுவே நின்றுகொண்டு பிளாஸ்டிக் பை படம் காட்ட எனக்கு வாய் வரவில்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலைக்குத் தடை இருக்கிறது. ஆனால் ராத்திரி கரையில் நின்றாலே லாஞ்சு விளக்கு தெரியும்.

லாஞ்சுகள் நிற்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகலாம் என்றது பையன்கள்தான். அங்கே லாஞ்சு டிரைவர்களிடம் பேச்சை ஆரம்பித்ததும் அவர்கள்தான். என்னைப் பேசவிடவில்லை, அது நல்லதாகவே போயிற்று. மீன் பாடு, டீசல் விலை என்று சுற்றிவிட்டுத்தான் ஆமை தப்பிக்கும் கருவிக்கே வந்தார்கள். வலைக்குள் கம்பிச் சட்டம் வைத்தால் இறால் இடுக்கு வழியே உள்ளே போகும், ஆமை முட்டிக்கொண்டு மேலே திறப்பில் வெளியேறும். ஒரு டிரைவர் கேட்டுவிட்டு, "பெரிய மீனும் அந்த ஓட்டைலயே பூடும். அந்தக் காச நீ குடுப்பியா?" என்றார். பையன்கள் அவரோடு ஒரு டீ நேரத்துக்கு மேலே மல்லுக்கட்டினார்கள். 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது, ஆமை ஜனவரியிலேயே வந்துவிடுகிறது என்பதை மட்டும் அவர் மறுக்கவில்லை. கருவியைப் பற்றி ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஓனர் யார் என்று பையன்கள் அங்கேயே விசாரித்துவிட்டார்கள்.