தேருக்கு முதுகு காட்டி

திருவாரூர் ஆழித்தேரைப் படம் எடுக்காதவர் யார்? 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. எங்கே நின்று எடுத்தாலும் நன்றாகத்தான் வரும். அதனாலேயே எனக்கு அதில் ஆசை விட்டுப்போயிற்று. இந்தப் பங்குனியில் வடம் பிடித்ததிலிருந்து தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்களை மட்டும் எடுத்தேன். பழைய நிக்கான், 50 எம்எம் லென்ஸ், இல்ஃபோர்டு ஹெச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம்.

தேர் நகரும்போது எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: அண்ணாந்த தலை, கும்பிட்ட கை, "ஆரூரா, தியாகேசா" என்று திறந்த வாய். வீதி முக்கில் திருப்பும்போதுதான் வேடிக்கையே. திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலை செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருந்தாலும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கண்ணும் கையும் இல்லாமல் தேர் திரும்பாது. அந்த நேரத்தில் கூட்டம் சாமியை மறந்துவிட்டுச் சக்கரத்தைப் பார்க்கும். திண்ணையில் ஒரு பெரியவர், தானே கட்டை போடுவதுபோலப் பல்லைக் கடித்துக்கொண்டு துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா தோளில் இருந்த பிள்ளைக்குத் தேரும் வேண்டாம், சக்கரமும் வேண்டாம். அவர் காதைத் திருகிக்கொண்டிருந்தது.

உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கண்ணைப் பறிக்கும், முகம் இருண்டுவிடும். நான் முகத்தில் விழும் வெளிச்சத்துக்குத்தான் மீட்டர் வைத்து அளந்தேன். நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் கொஞ்சம் கூடினால் தாங்கும். குறைந்தால் நிழலில் ஒன்றுமே பதியாது. தேர்ச்சீலையின் நிறம் போனதில் எனக்கு நஷ்டமில்லை. விபூதிப் பட்டை பளிச்சென்று எழுகிறது, குங்குமம் கறுப்பாக விழுகிறது. சிவப்பு ஃபில்டர் போட்டால் வானம் அழகாகக் கறுக்கும், ஆனால் நெற்றிப் பொட்டு வெளிறிவிடும். அந்தப் பக்கமே போகவில்லை.

"ஏன் தம்பி, தேரு அந்தாண்ட வருது, நீ இந்தாண்ட பாத்து எடுக்குறியே?" என்றார் ஒரு பாட்டி.

"உங்களத்தான் பாட்டி எடுக்கிறேன்."

"அடப்பாவி, தலைகூட வாரலியே! எங்க, காட்டு."

கேமராவைத் திருப்பிப் பார்த்தார். திரை இல்லை. கழுவித்தான் பார்க்க வேண்டும் என்றேன். பக்கத்தில் இருந்தவர், "ரோல் கேமராவா? ஊட்டியில செஞ்ச 'இந்து'ங்கிற ஃபிலிம்ல நானே எடுத்திருக்கேன்" என்று ஆரம்பித்துவிட்டார். பாட்டி அவரை மதிக்கவில்லை.

"கழுவுனா ஒரு காப்பி குடுத்துடு தம்பி. எம் படம்னு ஆதார் அட்டையிலதான் இருக்கு. அது நானே இல்ல."

பிரிண்ட் போட்டாயிற்று. கமலாலயக் குளத்துத் தெப்பத்துக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.