ஜெபம் அப்புறம், முதலில் காய்ந்த சாக்ஸ்

கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில், படகில் வரும் அகதிகளுக்கு உதவ ஒரு சர்ச் குழுவோடு வேலை செய்தேன் என்று சொன்னால் போதும், கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி "அகதிகளை மதம் மாற்றத்தானே போனீர்கள்?" என்று கண்ணைச் சுருக்கும். இன்னொரு கட்சி "ஆண்டவர் உங்களை நிறைவாக ஆசீர்வதிப்பார்" என்று உருகும். கரையில் உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதில் இரண்டு கட்சிக்குமே பெரிய அக்கறை கிடையாது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015-இல் மட்டும் கடல் வழியாகக் கிரேக்கத்துக்கு வந்தவர்கள் எட்டரை லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல், சுமார் ஐந்து லட்சம் பேர், லெஸ்போஸ் என்ற ஒரே தீவில் இறங்கினார்கள். தீவின் சொந்த மக்கள்தொகை ஒரு லட்சம்கூட இல்லை. காரணம் எளிது, தீவின் வடக்குக் கரைக்கும் துருக்கிக்கும் நடுவில் இருக்கும் கடல் குறுகலான இடத்தில் சுமார் பத்து கிலோமீட்டர்தான், நல்ல வெளிச்சத்தில் எதிர்க்கரை வீடுகள் கண்ணுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டும் விசாவும் வைத்திருப்பவர் அதே கடலை ஃபெர்ரியில் சில பத்து யூரோ கொடுத்துத் தாண்டுவார். சிரியாக்காரரும் ஆப்கானியரும் ஆளுக்கு ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் கடத்தல்காரர்களிடம் கொடுத்து, நாற்பது ஐம்பது பேரை அடைத்த ரப்பர் படகில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இந்த அநியாயத்தை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது.

சரி, கரைக்கு வருவோம்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம், படகைப் பார்த்ததும் தண்ணீருக்குள் ஓடாதே என்பது. கரையில் பத்துப் பேர் கையை ஆட்டிக் கத்தினால், படகில் இருப்பவர்கள் சந்தோஷத்தில் எல்லாரும் ஒரே பக்கமாக எழுந்துவிடுவார்கள், படகு கவிழும், இடுப்பளவு தண்ணீரிலும் குழந்தை போய்விடும். அதனால் ஓரிருவர் மட்டும் பாறை இல்லாத இடத்தைக் காட்டிப் படகை அங்கே வரவழைப்பார்கள், இன்ஜினை அணைக்கச் சொல்வார்கள், இரண்டு பேர் படகைப் பிடித்துக்கொள்வார்கள், குழந்தைகள் கைமாறிக் கைமாறி மேலே வரும், மற்றவர்கள் பின்னால் நின்றபடி வாங்கிக்கொள்ள வேண்டும். நிறைய நேரம் நம் வேலை சும்மா நிற்பதுதான். நல்லது செய்தே தீர வேண்டும் என்று துடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு அந்தச் சும்மா நிற்பதுதான் பெரிய கஷ்டம்.

அப்புறம் ஈரம். உடம்பு விறைத்து நடுங்கும் ஒருவருக்கு அந்தப் பளபளக்கும் தகடுப் போர்வையை ஈரச் சட்டைக்கு மேலேயே சுற்றிவிட்டுப் புகைப்படம் எடுப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும், பிரயோஜனம் குறைவு. முதலில் ஈரத்துணியைக் கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், காய்ந்ததை உடுத்திவிட வேண்டும், அதற்குப் பெண்களுக்கு மறைவான ஒரு கூடாரம் வேண்டும், அந்தக் கூடார வாசலில் ஒரு பெண் நிற்க வேண்டும். எல்லா அளவிலும் காலணி யாரிடமும் இருக்காது. அதனால் காலைத் துடைத்து, காய்ந்த சாக்ஸ் மாட்டி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, பழைய ஈர ஷூவுக்குள்ளேயே காலை விடச் சொல்வோம். சாக்ஸ்தான் அங்கே தங்கம். வயதான ஒருவர் காலை நீட்டவே மாட்டேன் என்று இழுத்து இழுத்துக்கொண்டார். நடுக்கத்தில் பல் அடித்துக்கொள்கிறது, ஆனாலும் முன்பின் தெரியாத ஒரு பெண் தன் காலைத் தொடுவதை அவரால் ஏற்க முடியவில்லை. சாக்ஸையும் பையையும் பேரன் கையில் கொடுத்துவிட்டு நான் திரும்பி நின்றுகொண்டேன். அவன் மாட்டிவிட்டான். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால், அந்தத் திரும்பி நின்றதைத்தான் சொல்வேன்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல ஜாக்கெட்டுகள் போலி. உள்ளே இருந்தது மிதக்கும் பொருள் இல்லை, தண்ணீரை உறிஞ்சும் மலிவான ஃபோம், போட்டவரைக் கீழே இழுக்கும் சமாச்சாரம். குழந்தைகளுடையதில் கார்ட்டூன் படம் வேறு போட்டிருக்கும். தீவின் வடக்கே மோலிவோஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளத்தில் ஆரஞ்சு நிறத்தில் மலை மலையாகக் கொட்டிக் கிடந்தன.

இதில் மதம் எங்கே வருகிறது? நான் பார்த்த வரையில், பிரசங்கத்தில் வரவில்லை, சாவிக்கொத்தில் வந்தது. சர்ச்சிடம் ஒரு கூடம் இருக்கும், சமையலறை இருக்கும், பெரிய பாத்திரங்கள் இருக்கும், ஒரு வேன் இருக்கும், ஒரு போன் போட்டால் நாற்பது கம்பளி அனுப்பும் இன்னொரு சர்ச் இருக்கும். பெரிய நிறுவனங்கள் திட்ட அறிக்கை எழுதிப் பணம் வாங்கி ஆள் எடுத்து வந்து சேர்வதற்குள் இவர்கள் சூப் காய்ச்சி முடித்திருப்பார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் ஒரு பாதிரியார். பாப்பா ஸ்திராதிஸ் என்று எல்லாரும் கூப்பிட்ட எஃப்ஸ்திராதியோஸ் திமு, கலோனி என்ற ஊரின் ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். உலகத்து கேமராக்கள் லெஸ்போஸைக் கண்டுபிடிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே 'அகாலியா' என்ற சிறிய அமைப்பை நண்பர்களோடு தொடங்கிவிட்டவர். கலோனி இருக்கும் இடம்தான் விஷயம். வடக்குக் கரையில் இறங்குகிறவர்கள் பதிவு செய்யத் தலைநகர் மித்திலினிக்குப் போக வேண்டும், அறுபது கிலோமீட்டருக்கு மேல். 2015 கோடையின் நடுப்பகுதி வரை அவர்களைக் காரில் ஏற்றினால் ஏற்றியவர் மேலேயே ஆள் கடத்தல் வழக்கு பாயலாம் என்ற நிலை, அதனால் குழந்தையும் மூட்டையுமாக வெயிலில் நடந்தார்கள். அந்த நடையின் பாதி வழியில் கலோனி. அங்கே தண்ணீர், சாப்பாடு, செருப்பு, படுக்க ஒரு மெத்தை. பாதிரியாருக்கே கடுமையான மூச்சுக் கோளாறு, ஆக்ஸிஜன் இல்லாமல் முடியாது, அந்த நிலையிலும் விடவில்லை. 2015 செப்டம்பர் தொடக்கத்தில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு ஐரோப்பிய கவுன்சில் அகாலியாவுக்கு ரவுல் வாலன்பெர்க் பரிசு கொடுத்தது.

தீவு மக்களில் பலர் 1922-இல் ஆசியா மைனரிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, இதே கடலைத் தாண்டி ஓடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எது பக்தி, எது பாட்டி சொன்ன கதை என்று அங்கே பிரிக்கவே முடியாது.

இப்போது முதல் கட்சியின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது வெறும் வம்புக் கேள்வி இல்லை. 2016-இல், ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் தீவுகளுக்கு வருகிறவர்களைத் துருக்கிக்கே திருப்பி அனுப்ப மார்ச்சில் ஒப்பந்தம் போட்டு, லெஸ்போஸின் மோரியா அகதி முகாம் கிட்டத்தட்ட சிறையாக மாறிய பிறகு, அங்கே சில கிறிஸ்தவத் தன்னார்வலர்கள் அரபு மொழியில் யோவான் சுவிசேஷத்தையும், கையெழுத்துப் போட்டு விசுவாசத்தை ஏற்கச் சொல்லும் படிவத்தையும் விநியோகித்ததாகச் செய்தி வந்தது. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அடைத்து வைக்கப்பட்ட ஒருவருக்கு முன்னால் போர்வை கொடுக்கும் கையே படிவத்தையும் நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன சுதந்திரம் இருக்கிறது? கையெழுத்துப் போட்டால் புகலிட விண்ணப்பம் சீக்கிரம் நகருமோ என்று நினைக்க மாட்டாரா? அதை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது?

பாத்திரம் அறிந்து பிச்சை இடு, கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு என்பார்கள். கரையில் முதல் பாதியை மறந்துவிட வேண்டும். செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. உதவி தேவையைப் பார்த்துத்தான், இனத்தையும் மதத்தையும் பார்த்து இல்லை. அரசியல் கருத்தையோ மதக் கருத்தையோ பரப்ப உதவியைப் பயன்படுத்தக் கூடாது. நம்பிக்கை வைத்திருக்காதே என்று அந்த விதிகள் சொல்லவில்லை, தட்டில் வைத்துப் பரிமாறாதே என்றுதான் சொல்கின்றன. எங்கள் குழுவில் காலை ஜெபம் உண்டு, அறைக்குள். கரையில் கிடையாது. ஒருங்கிணைப்பாளர் இதில் ராணுவம் மாதிரி கறார்.

ஆனால் யாராவது அவராக வந்து "நீங்கள் ஏன் இதையெல்லாம் செய்கிறீர்கள்?" என்று கேட்டால்? கேட்டார்கள். பதில் சொன்னேன், இரண்டு வரியில். பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே. அவர்களும் தொழுதுவிட்டு எனக்காக துஆ செய்ததாகச் சொன்னார்கள். யார் யாரை மாற்றினார்கள் என்று முதல் கட்சிக்காரர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மதம் இருந்துவிட்டால் போதும், கருணை தானாக ஊறிவிடும் என்று நினைக்கும் இரண்டாம் கட்சிக்கு நான் சொல்ல விரும்புவது ஆச்சே கதை. 2015 மே மாதம் ரோஹிங்கியாக்களையும் வங்கதேசத்தவரையும் ஏற்றிய படகுகளைத் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா மூன்றும் கடலுக்கே திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தன. மூழ்கினால் தவிர ஏற்றாதீர்கள் என்று ராணுவத் தரப்பில் சொல்லியும், இந்தோனேசியாவின் ஆச்சே மீனவர்கள் தங்கள் படகில் நூற்றுக்கணக்கானவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கடலில் தத்தளிப்பவரை, உயிரோடு இருந்தாலும் பிணமாக இருந்தாலும், விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அவர்களுடைய கடல் வழக்கம். இஸ்லாமிய மார்க்கமும் அதையே சொல்கிறது என்றார்கள். உலகமே பாராட்டியது. அதே ஆச்சேவில் 2023 கடைசியில் படகுகளை ஊர்க்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள், டிசம்பர் 27 அன்று பண்டா ஆச்சேயில் அகதிகள் தங்கியிருந்த கட்டடத்துக்குள் மாணவர் கூட்டம் புகுந்து பெண்களும் குழந்தைகளும் அழ அழ அவர்களை வெளியேற்றியது. அதே மதம், அதே கடற்கரை. நடுவில் வந்தவை சலிப்பு, சமூக ஊடக வதந்தி, எல்லாப் பாரத்தையும் எங்கள் தலையிலேயே கட்டுகிறீர்களே என்ற எரிச்சல். லெஸ்போஸிலும் 2020 மார்ச்சில் ஒரு படகைக் கரையில் இறங்கவிடாமல் உள்ளூர்க்காரர்கள் தடுத்தார்கள், தொண்டு நிறுவன ஆட்கள் அடிவாங்கினார்கள். அந்த மக்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து ஆண்டுகளாக ஒரு கண்டத்தின் பொறுப்பைச் சில கிராமங்களின் தலையில் வைத்துவிட்டு, அவர்கள் புன்னகைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது யார்?

அதனால்தான் கரையோடு நிற்காமல் அடுத்த படிக்குப் போகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். முஸ்ஸி ஸெராய் என்று எரித்திரியாவில் பிறந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், பதின்ம வயதில் தானே அகதியாக இத்தாலிக்கு வந்தவர். அவருடைய போன் நம்பர் லிபியத் தடுப்பு முகாம்களின் சுவர்களில் எழுதியிருக்கும். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன படகிலிருந்து சேட்டிலைட் போனில் கூப்பிடுவார்கள், இவர் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கேட்டு வாங்கிக் கடலோரக் காவல் படைக்குச் சொல்வார். ஜெர்மனியில் 2019-இல் டார்ட்முண்ட் நகரில் நடந்த புரோட்டஸ்டன்ட் மாநாட்டின் கடைசி நாள் பிரசங்கத்தில் ஒரு பெண் போதகர், மனிதர்களை மூழ்க விடக் கூடாது, முற்றுப்புள்ளி, என்றார். அதோடு விடாமல் சர்ச்சும் நன்கொடையாளர்களும் சேர்ந்து ஒரு பழைய ஆய்வுக் கப்பலை ஏலத்தில் எடுத்தார்கள், 2020 ஆகஸ்டில் அது 'சீ வாட்ச் 4' என்ற பெயரில் மத்தியதரைக் கடலுக்கு மீட்பு வேலைக்குப் போனது. சபை உறுப்பினர்கள் கட்டும் சர்ச் வரியில் கப்பலா என்று சண்டையும் நடந்தது, நடக்காமல் இருக்குமா.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, யாரும் படகில் ஏறவே தேவையில்லாத வழி. ரோமின் சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கச் சமூகமும் இத்தாலியின் புரோட்டஸ்டன்ட் சபைகளும் 2015 டிசம்பரில் இத்தாலிய அரசோடு ஒப்பந்தம் போட்டு, லெபனானில் இருந்த சிரிய அகதிகளுக்கு விசா வாங்கி விமானத்தில் அழைத்துவந்தார்கள். வீடு, மொழி வகுப்பு, பள்ளி எல்லாம் சபைகள் செலவில். போப் பிரான்சிஸ் 2016 ஏப்ரலில் லெஸ்போஸுக்கு வந்து பன்னிரண்டு சிரியர்களைத் தன் விமானத்தில் கூட்டிப்போனாரே, அவர்களைக் கவனித்துக்கொண்டதும் இதே சாந்த் எஜிதியோதான். அந்தப் பன்னிரண்டு பேரும் முஸ்லிம்கள். எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் யாரும் நனையவில்லை.

சரி, எனக்கு வரும் மெயில்களில் பாதி "நானும் போகலாமா" என்பதுதான். மோரியா 2020 செப்டம்பரில் எரிந்துபோனது, படகுகளின் பாதையும் மாறிவிட்டது, சமீப ஆண்டுகளில் லிபியாவிலிருந்து கிரேக்கத்தின் தெற்குத் தீவுகளான கிரீட்டுக்கும் காவ்தோஸுக்கும் வருவது கூடியிருக்கிறது. மருத்துவம், அரபு, ஃபார்ஸி, புகலிடச் சட்டம், படகு ஓட்டுவது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் போகலாம். ஒன்றும் தெரியாது, மனசு மட்டும் இருக்கிறது, பத்து நாள் விடுமுறையும் இருக்கிறது என்றால் விமான டிக்கெட் காசை அங்கேயே இருந்து வேலை செய்கிறவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். பத்து நாளில் ஒரு குழந்தை உங்களோடு ஒட்டிக்கொள்ளும், பதினோராம் நாள் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அதற்கு அது ஏற்கெனவே நிறைய பேரை இழந்திருக்கும். போவது என்று முடிவு செய்துவிட்டால், கூட்டிப்போகும் அமைப்பிடம் முதலில் கேளுங்கள்: குழந்தைகளோடு வேலை செய்ய வருகிறவர்களின் பின்னணியை எப்படிச் சரிபார்க்கிறீர்கள், முகாமில் மதப் பிரசுரம் கொடுக்க அனுமதி உண்டா, அகதிகளின் படத்தை உங்கள் ஃபேஸ்புக்கில் போடுவீர்களா? பதில் சொல்லாமல் "முதலில் ஜெபிப்போம், மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று ஆரம்பித்தால் வேறு அமைப்பைத் தேடுங்கள்.